பொதியில் மலையும் எல்லைக்கோடும்

வவுனியா நகரிலிருந்து மேற்கு நோக்கி நேர்கோடு ஒன்றை வரைந்தால், அக்கோடு சிலாவத்துறைக் கரையில் நிலத்தை விட்டு நீங்கி, மன்னார்க் குடாவைக் கடந்து, தூத்துக்குடியில் மீண்டும் கரையேறி, திருநெல்வேலியையும் அம்பாசமுத்திரத்தையும் அடுத்துச் சென்று, பாபநாசத்துக்கு அப்பால் ஒரு மலைச்சுவரில் முட்டும். முட்டும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, 6,129 அடி, அதாவது 1,868 மீற்றர் உயரத்தில் கூம்பி நிற்கும் சிகரமே பொதியில். இடைத்தூரம் ஏறத்தாழ 360 கிலோமீற்றர். குளங்களும் காடும் வயலுமாகப் பரந்து கிடக்கும் வன்னிச் சமநிலத்தில் ஓங்கிய மலை எதுவும் இல்லை. ஆயினும் பொதியில் என்னும் பெயர் இந்நிலத்துத் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. தென்றல் பிறக்கும் இடமாகவும், சந்தனம் விளையும் இடமாகவும், அகத்தியர் உறையும் இடமாகவும் சிறு வயதிலேயே அது செவியில் விழுந்துவிடுகின்றது.

செவியில் விழுந்த அம்மலையைக் கண்ணாற் காணச் செல்வோர் இன்று எதிர்கொள்ளும் முதற் செய்தி, அஃது இரண்டு மாநிலங்களுக்குப் பங்கான மலை என்பதே. கீழைச்சரிவு தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்தது. மேலைச்சரிவு கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது. சிகரத்துக்கு ஏறும் வழியைக் கேரள வனத்துறையே இப்போது ஆள்கின்றது. தமிழர் பொதியில் என்றும் பொதிகை என்றும் சொல்வதை மலையாளர் அகஸ்தியகூடம் என்பர். இக்கோடு எப்போது விழுந்தது? அதற்கு முன்னும் பின்னும் இம்மலையை நாடிச் சென்றவர்கள் யாவர்? அக்கோடு யாருக்குத் தடையாயிற்று, யாருக்கு ஆகவில்லை? இவ்வினாக்களுக்கு விடை தேடுவது வரலாற்று மாணவர்க்குப் பயனற்ற வேலையன்று.

மலையின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆகிய இரண்டினாலும் மழை பெறும் மலை இது. மாரி பொய்த்தால் குளம் வறளும் நாட்டில் வாழ்வோர் இதன் அருமையை எளிதில் உணர்வர். இம்மலைத் தொகுதியின் கிழக்கே விழும் நீர் தாமிரபரணியாய்ப் பாபநாசத்தில் சமநிலம் இறங்கி, நெல்லைச் சீமையின் வயல்களைப் பாய்ச்சி மன்னார்க் குடாவில் கலக்கின்றது. மேற்கே விழும் நீர் நெய்யாறாகவும் கரமனையாறாகவும் அரபிக்கடலை அடைகின்றது. இரண்டு பக்கத்து நீரையும் பிரித்துவிடும் முகடு இயற்கையாகவே ஓர் எல்லைபோலத் தோன்றும். நில அளவையாளர் கண்ணுக்கு அவ்வாறுதான் தோன்றிற்று. பண்டைத் தமிழ்ப் புலவர் கண்ணுக்கு அவ்வாறு தோன்றவில்லை.

சங்க நூல்களில் பொதியில் ஒரு குறுநில மன்னனின் மலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரன் அதன் தலைவன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் ஒன்று இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியது. மழை தவழும் அம்மலையை ஆடுமகள் ஒருத்தி எளிதில் அணுகலாம். பெருமிதம் பொருந்திய வேந்தர் அணுகுதல் அரிது என்னும் கருத்து அதில் வருகின்றது. பரிசில் நாடி வரும் கூத்திக்குத் திறந்த வழி, படையோடு வரும் அரசனுக்கு அடைபட்டது என்பது இதன் பொருள். எல்லை என்பது நிலத்தில் கிடப்பதன்று, வருவாரின் நோக்கத்தில் கிடப்பது என்று புலவர் கருதினார் போலும். இமயத்தையும் பொதியிலையும் ஒருசேர வைத்து, இவை போல் அசையாது நிற்க என்று மன்னனை வாழ்த்தும் மரபும் அத்தொகை நூலிலேயே உண்டு. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரு மலைகளை நிறுத்தி அவற்றிடையே உலகை அளந்தனர். பொதியில் அங்கே நிலத்தின் ஓர் அந்தத்தைக் காட்டும் அடையாளமாக நின்றதேயன்றி, இரண்டு நாடுகளைப் பிரிக்கும் வேலியாக நிற்கவில்லை.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய தாலமி, பெத்திகோ என ஒரு மலையையும், ஆயோய் என ஒரு மக்களின் நாட்டையும் குறித்துள்ளார். முன்னது பொதியில் என்றும் பின்னது ஆய்நாடு என்றும் ஆய்வாளர் கொள்வர். ஆய்குலம் பிற்காலத்திலும் அழிந்துவிடவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் கருநந்தடக்கன் என்னும் ஆய்மன்னன் பார்த்திவபுரத்தில் கோயிலும் சாலையும் நிறுவியதை 866ஆம் ஆண்டுச் செப்பேடு கூறுகின்றது. பார்த்திவபுரம் மலைக்குத் தென்மேற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. பாண்டியர்க்கும் சேரர்க்கும் இடையில் நெருக்குண்ட இவ்வரசு மலையைப் புறத்தே தள்ளி வைத்து ஆளவில்லை. மலையை நடுவில் வைத்து அதன் அடிவாரங்களை ஆண்டது.

அகத்தியரை விட்டுப் பொதியிலைப் பேசுதல் இயலாது. கயிலையில் இறைவன் திருமணத்தின்போது வடபுலம் தாழ்ந்து தென்புலம் உயர, அதனைச் சமன் செய்ய அம்முனிவர் தெற்கே அனுப்பப்பட்டார் என்பது யாவரும் அறிந்த கதை. சித்திரை விசுவில் பாபநாசத்தில் நிகழும் திருமணக் காட்சி இக்கதையை ஒட்டியதே. வரலாற்று நெறியில் நோக்குமிடத்து, சங்கத் தொகைகளில் பொதியிலோடு மிகுதியும் பேசப்படுபவன் ஆய்மன்னனே. பரிபாடல் ஒன்று விண்மீனாகிய அகத்தியத்தைப் பொதியில் முனிவன் பெயரால் சுட்டுகின்றது. சங்கத்தின் தலைமைப் புலவராக அவரை நிறுத்துவது அதற்குப் பின் எழுந்த இறையனார் களவியல் உரை. ஆதலின் மலையின் பெருமை முனிவரால் வந்தது என்பதினும், பெருமை பெற்றிருந்த மலையை முனிவர் கதை வந்து சேர்ந்தது என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. அக்கதை கடலையும் கடந்தது. மகாவலி கங்கைக் கரையில் அகத்தியர் வழிபட்ட தலமாகத் திருகோணமலைப் பகுதியின் கரைசையைப் போற்றும் திருக்கரைசைப் புராணம் ஈழத்துத் தலபுராணங்களுள் ஒன்று.

சைவர் மட்டுமே இம்மலையை நாடினர் என எண்ணுதல் தவறு. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங், 640ஆம் ஆண்டளவில் காஞ்சியை அடைந்தார். அங்கிருந்து இலங்கை செல்லும் எண்ணம் அவர்க்கு இருந்தது. ஆனால் இலங்கையில் நிகழ்ந்த குழப்பத்தை அங்கிருந்து வந்த பிக்குகள் கூறக் கேட்டு அப்பயணத்தைக் கைவிட்டார். தாம் செல்லாத தென்னாட்டைப் பற்றிக் கேட்டறிந்தவற்றையும் அவர் எழுதி வைத்தார். மலகூட நாட்டில் சந்தன மரங்கள் செறிந்த மலய மலை உண்டு. அதற்குக் கிழக்கே பொதலகம் என்னும் மலை உண்டு. அதன் வழிகள் ஆபத்தானவை. உச்சியில் ஒரு பொய்கையும் அதனருகே கற்கோயிலும் உள்ளன. பொய்கையினின்று புறப்படும் ஆறு மலையை இருபது முறை சுற்றித் தென்கடல் சேர்கின்றது. அங்கே அவலோகிதேசுவர போதிசத்துவர் உறைகின்றார். உயிரைப் பொருட்படுத்தாது ஏறுவோருள்ளும் மிகச் சிலரே உச்சியை அடைவர் என்பது அவர் தரும் செய்தி.

இதற்கு மேலும் ஒரு செய்தி உண்டு. ஏற இயலாது அடிவாரத்தில் நின்று உளமுருகி வேண்டுவோர்க்குப் போதிசத்துவர் சில வேளை மகேசுவரன் வடிவிலும் சில வேளை திருநீறு பூசிய பாசுபதத் துறவியின் வடிவிலும் தோன்றி அருளுவாராம். பௌத்தத் துறவி ஒருவர் எழுதிய நூலில் பௌத்தர் தெய்வம் சைவக் கோலத்தில் வெளிப்படுகின்றது. இரண்டு சமயத்தாரும் ஒரே மலையை ஒரே காலத்தில் வழிபட்டனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மலையிலிருந்து வடகிழக்கே கடற்கரையில் ஒரு நகரம் உண்டு, சிங்கள நாட்டுக்குக் கப்பலேறுவோர் அங்கிருந்தே புறப்படுவர் எனவும் அவர் குறிக்கின்றார். இலங்கையை நோக்கிய வழியில் ஒரு நிலையமாகவே அம்மலை அவர் கேட்டறிந்த தேசப்படத்தில் இடம்பெற்றது.

பொதலகம் என்பது பொதியிலே என்னும் கருத்தைச் சான்றுகளுடன் வலியுறுத்தியவர் சப்பானியத் தமிழறிஞர் சூ இக்கோசாக்கா. முற்ற முடிந்த முடிபு என்று அதனைச் சொல்ல இயலாதெனினும், தமிழ் மரபு அதற்கு அரண் செய்கின்றது. பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்று கூறுகின்றது. சிவபெருமானிடம் கேட்டார் என்பது சைவர் கூற்று. ஆசிரியர் யார் என்பதில் வழக்கு இருந்தது. மாணாக்கர் யார் என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டிருந்தனர். பொதலகத்தின் பெயர் பின்னர் நெடுந்தூரம் சென்றது. சீனக் கடலில் புத்தோ தீவும், திபெத்தின் இலாசா நகரில் தலாய் லாமாக்கள் வாழ்ந்த பொதலா அரண்மனையும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. அகத்தியமலையின் பெயர் ஆசியாவின் பனிமுகடு வரை பயணம் செய்ததாக ஒருவர் கருதினால் அது மிகையாகாது.

ஆற்றின் பெயரும் அவ்வாறே அலைந்தது. அசோகனின் பாறைச் சாசனங்களில் சோழர், பாண்டியர் முதலியோரோடு தம்பபன்னி குறிக்கப்படுகின்றது. மெகத்தனிசு இலங்கையைத் தப்ரபனே என்றார். விசயனின் கூட்டத்தார் கரையேறியபோது செம்மண் பட்டுக் கைகள் சிவந்தமையால் அப்பெயர் வந்தது என மகாவம்சம் காரணம் காட்டும். நெல்லையின் ஆற்றுக்கும் இத்தீவுக்கும் ஒரே பெயர் வாய்த்தமை தற்செயல் அன்று என்பதில் அறிஞரிடையே பெரிய கருத்து வேறுபாடில்லை. எது எதற்குக் கொடுத்தது என்பதிலேதான் வழக்கு.

இனிக் கோட்டின் கதைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மன் மலைக்கு மேற்கே திருவிதாங்கூர் அரசை வலிமை பெறச் செய்தான். கிழக்கே நாயக்கர் ஆட்சி வீழ்ந்து பாளையக்காரரும் ஆர்க்காட்டு நவாபும் கும்பினியாரும் மோதிக்கொண்டிருந்தனர். 1795ஆம், 1805ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் திருவிதாங்கூர் கும்பினியின் பாதுகாப்புக்குட்பட்ட அரசாயிற்று. 1801இல் கருநாடக நாடு முழுவதும் கும்பினியின் நேராட்சிக்குள் வந்தபோது திருநெல்வேலியும் அதனுள் அடங்கிற்று. அந்தப் பத்தாண்டு தமிழ் நிலம் எங்கும் கொந்தளித்த காலம். 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். 1809இல் வேலுத்தம்பி திருவிதாங்கூரில் கிளர்ந்தெழுந்து மடிந்தான். கிளர்ச்சிகள் அடங்கிய இடத்தில் அளவுச்சங்கிலிகள் வந்தன. 1816 முதல் 1820 வரை வார்ட், கொன்னர் என்னும் இரண்டு இராணுவ அளவையாளர் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து விரிவான குறிப்பெழுதினர். முகட்டின் ஒரு பக்கம் ஆங்கிலேயர் மாவட்டம், மறுபக்கம் மன்னர் நாடு என்னும் நிலை இவ்வாறு ஏட்டில் உறுதிப்பட்டது.

கோடு உறுதிப்பட்ட பின் இம்மலையேறியவர்களுள் மிகவும் நினைக்கத் தக்கவர் ஸ்கொத்லாந்தின் தம்பிரீசு நகரில் 1817இல் பிறந்த ஜோன் அலன் புரௌன். சுவாதித் திருநாள் மன்னர் 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவியிருந்தார். அதன் முதல் தலைவர் கால்டிகொட் 1849இல் இறந்த பின், 1852இன் தொடக்கத்தில் புரௌன் வந்து பொறுப்பேற்றார். அவர் தேடியது விண்மீன்களைவிடப் பூமியின் காந்தத்தை. காந்த ஊசி ஒருபுறமும் சாயாது கிடைமட்டமாக நிற்கும் காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் திருவனந்தபுரம் அமைந்திருந்தமையே அவரை ஈர்த்த சிறப்பு. அந்த ஊசி நாள்தோறும் சிறிது சிறிதாக அசைகின்றது. அவ்வசைவு கடல்மட்டத்திலும் மலையுச்சியிலும் ஒரே அளவினதா, வேறுபடுமா என்பது அக்கால அறிவியலில் விடை காணப்படாத வினா. விடை காண வேண்டுமாயின் ஒரே நேரத்தில் தாழ்விலும் உயர்விலும் கருவி வைத்துப் பார்த்தல் வேண்டும். நகருக்கு அண்மையில் தனித்து உயர்ந்து நின்ற சிகரம் அகத்தியமலை. 1855இல் அதன் உச்சியில் புரௌன் ஓர் ஆய்வுக்கூடம் எழுப்பினார்.

சொல்வதற்கு எளிது, செய்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும். யானைகள் திரியும் அடர்காட்டை வெட்டி வழியமைத்து, ஆண்டின் பெரும்பகுதி மழையிலும் மூடுபனியிலும் மூழ்கிக் கிடக்கும் பாறை முடியில் கட்டடம் எழுப்பி, சிறு அதிர்ச்சியையும் பொறாத காந்தக் கருவிகளை ஆள்தோளில் ஏற்றிக் கொண்டுசென்று நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்திய பின் நாழிகைதோறும் அளவைப் படித்துக் குறிக்கவும் ஆட்கள் வேண்டும். பொருட்செலவைத் திருவிதாங்கூர் அரசு ஏற்றது. சுமந்தவர்களும் குளிரில் விழித்திருந்து அளவெடுத்தவர்களும் இந்நாட்டு மக்கள். அவர்களுடைய உழைப்பில் விளைந்த நூலின் முகப்பில் ஒரு பெயரே உள்ளது. திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த காந்த அளவுகளின் பெருந்தொகுதி 1874இல் வெளிவந்தது. பூமியின் காந்த வலிமையில் நாள்தோறும் நிகழும் மாற்றங்கள் உலகெங்கும் ஒருங்கே நிகழ்கின்றன என்பதையும், அவற்றில் ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பும் ஒரு சுழற்சி ஞாயிற்றின் சுழற்சியோடு தொடர்புடையது என்பதையும் முதலில் கண்டுரைத்தவர்களுள் புரௌன் ஒருவர். நாடு, கண்டம் என்னும் பிரிவுகளைப் பொருட்படுத்தாத ஓர் அசைவை, நாட்டெல்லையில் நின்ற ஒரு மலையில் அவர் அளந்தார். 1865இல் பதவி நீங்கி ஐரோப்பா திரும்பி, 1879இல் இறந்தார்.

ஐரோப்பாவில் மலைமேல் அறிவியல் நடத்தும் வழக்கம் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. அல்ப்சு மலைகளின் தலைச்சிகரமான மோன் பிளாங்கின் உச்சியை 1786ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் நாள் பக்கார் என்னும் மருத்துவரும் பல்மா என்னும் மலைவாணரும் முதன்முதல் அடைந்தனர். மறு ஆண்டு செனீவா அறிஞர் சொசூர் பாரமானியும் வெப்பமானியும் ஏந்தி ஏறினார். அவர்கள் ஏறிய காலத்தில் அச்சிகரத்தின் இருபுறமும் சவோய் மரபினரின் ஒரே அரசுக்குட்பட்டவை. 1860இல் சவோய் நாடு பிரான்சுக்குக் கைமாறியபோதே அது நாட்டெல்லை மலையாயிற்று. எல்லை உச்சியின் மேல் செல்கின்றது என்பது இத்தாலியின் நிலை, உச்சி முழுதும் தனது என்பது பிரான்சின் நிலை, அவ்வழக்கு முடியவில்லை. புரௌன் திருவனந்தபுரத்தை விட்டு நீங்கிய 1865இல், சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் பொதுவான மாற்றர்கோண் சிகரத்தை யூலை 14ஆம் நாள் விம்பரின் குழு சுவிற்சர்லாந்துப் பக்கத்திலிருந்து அடைந்தது. இறங்கும்போது எழுவரில் நால்வர் வீழ்ந்திறந்தனர். மூன்று நாள் கழித்து இத்தாலியப் பக்கத்திலிருந்து கரெல் ஏறினார். எப்பக்கத்தார் முந்துவது என்னும் போட்டியே அம்மலையின் வரலாற்றைப் பெரிதும் நிரப்புகின்றது. பொதியில் வரலாற்றில் அத்தகைய போட்டி இல்லை. முந்தி ஏறியவர் யார் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. முனிவர் ஏற்கெனவே மேலே இருந்தார்.

அல்ப்சில் எல்லைக்கோடு அசைவதும் உண்டு. மாற்றர்கோணுக்கு அருகில் பனியாற்றின் முகட்டையே எல்லையாகக் கொண்டிருந்த இடங்களில், பனி உருகி முகடு நகர்ந்துவிட்டமையால், சுவிற்சர்லாந்தும் இத்தாலியும் 2023இல் கோட்டை மாற்றியமைக்க உடன்பட்டன. பொதியிலின் முகடு கல். அங்கே மலை அசையவில்லை. நாடுகளே அதைச் சுற்றி அசைந்தன. 1956 நவம்பர் முதல் நாள் இந்திய மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, திருவிதாங்கூருக்கு உரியனவாயிருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அகத்தியரின் பெயர் தாங்கிய வட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அகத்தியரின் சிகரத்துக்கு ஏறும் வழி கேரளத்தோடு நின்றது. தண்ணீர் வழக்கும் உடன் வந்தது. மலையில் பிறக்கும் நெய்யாற்றின் குறுக்கே கேரளத்தில் அணை எழுந்தது. அதன் இடக்கரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் கொண்டு சென்றது. 2004இல் அந்நீர் நிறுத்தப்பட, 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஒரே குளத்து நீரைப் பங்கிடுவதில் கிராமங்களுக்கிடையே எழும் மனத்தாங்கலைக் கண்டறிந்த வன்னி வாசகர்க்கு இதன் கடுமையை விளக்க வேண்டுவதில்லை.

தொலைவிலிருந்து வந்தவர்களின் கதை இதுகாறும் கூறப்பட்டது. மலையிலேயே வாழ்கின்றவர்கள் காணிக்காரர். தேன், கிழங்கு, மூங்கில் முதலிய காட்டுப்பொருளும் மலைப்பயிரும் கொண்டு வாழ்ந்த இம்மக்கள் முகட்டின் இருபுறமும் குடியிருக்கின்றனர். அகத்தியரைத் தம் குலதெய்வம்போல் போற்றும் மரபினர். 1987இல் தாவர ஆராய்ச்சியாளர் சிலர் மலையேறியபோது, வழிகாட்டச் சென்ற காணிக்காரர் களைப்பின்றி நடந்தமையும், இடையிடையே ஒரு செடியின் கனியைத் தின்றமையும் அவர்கள் கண்ணிற் பட்டன. ஆரோக்கியப்பச்சை என்பது அச்செடி. அதன் அறிவியற் பெயரில் இலங்கை உள்ளது: திரைக்கோப்பசு செய்லானிக்கசு. 1788இல் கேர்த்னர் அதற்குப் பெயரிட்டபோது இலங்கைச் செடியாகவே அதனை அறிந்திருந்தார். பாலோடு என்னும் ஊரிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிலையம் அச்செடியிலிருந்து ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கி, உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் சரிபாதியைக் காணிக்காரர்க்கு வழங்க ஏற்பாடு செய்தது. 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. பழங்குடியினரின் அறிவுக்கு விலை கொடுத்த முதன்மையான எடுத்துக்காட்டாக உலக அரங்குகளில் இது பேசப்பட்டது. ஆயினும் அந்த அறக்கட்டளை கேரளக் காணிக்காரர்க்கே உரியது. அதே செடியை அதே காட்டில் அறிந்திருந்த கீழைச்சரிவினர் அதன் கணக்கில் வரவில்லை.

கீழைச்சரிவினர் கணக்கில் வராமற் போனது அதுவே முதன்முறையன்று. 1956இல் திருத்தப்பட்ட பழங்குடிப் பட்டியலில், சென்னை மாநிலத்தில் காணிக்காரர் என்னும் பெயர் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டுமே இடம்பெற்றது. அவை திருவிதாங்கூரிலிருந்து வந்த பகுதிகள். பாபநாசத்து மலைகளைக் கொண்ட அம்பாசமுத்திரம் வட்டம் முன்னரே ஆங்கிலேயர் மாவட்டமாயிருந்தது. அங்கு வாழ்ந்த காணிக்காரரைப் பழைய பட்டியல் குறிக்கவில்லை, புதிய பட்டியலும் குறிக்கவில்லை. உடன்பிறந்தார் இருவரில் ஒருவர் செங்கோட்டைக் காட்டிலும் மற்றவர் அம்பாசமுத்திரக் காட்டிலும் குடியிருந்தால், முன்னவர் பழங்குடி, பின்னவர் அல்லர். கும்பினி வகுத்த கோடு, கும்பினி மறைந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும், ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சலுகை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே அம்பாசமுத்திரம் வட்டத்தையும் சேர்த்தது.

இன்று இம்மலை பல சட்டங்களின் காப்பில் உள்ளது. கிழக்கே முண்டந்துறை, களக்காடு ஆகிய இரண்டு சரணாலயங்களும் 1988இல் புலிகள் காப்பகமாக இணைந்தன. மேற்கே நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்கள் உள்ளன. 2001இல் கேரளத்தில் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தோடு பின்னர்த் தமிழ்நாட்டுப் பகுதியும் சேர, 3,500 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அக்காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக உயிர்க்கோள வலையமைப்பில் ஏற்றது. விலங்குக்கும் மரத்துக்கும் இரு மாநிலங்களையும் அளாவிய ஒரே காப்பகம் அமைந்துவிட்டது. மனிதர்க்கு அவ்வாறு அமையவில்லை. பாபநாசத்திலிருந்து காரையாறு, பாணதீர்த்தம் வழியாகச் சிகரத்துக்கு ஏறிய பழைய யாத்திரை வழி அடைக்கப்பட்டுள்ளது. ஆடி அமாவாசையில் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் பெருந்திரளாக வரும் நெல்லை மக்கள் மலையின் அடியை மட்டும் காண்கின்றனர். உச்சியைக் காண விரும்புவோர் முகட்டைச் சுற்றிக்கொண்டு மேற்கே சென்று, கேரள வனத்துறையின் அனுமதி பெற்று, சனவரி முதல் சில வாரங்களுக்குத் திறக்கும் வழியில், போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து நடத்தல் வேண்டும். ஒருவழித் தூரம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். அதிருமலை முகாமில் இரவு தங்கி மறுநாள் உச்சி ஏறுவர். இறுதிப் பாறைகளில் கயிறு பற்றியே ஏற வேண்டும்.

அவ்வழியும் அண்மைக்காலம் வரை எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. பெண்கள் உச்சி செல்லுதல் மறுக்கப்பட்டிருந்தது. முனிவர் பிரமசாரி என்பது சிலர் கூறிய காரணம். பாபநாசம் கோயிலில் அவர் உலோபாமுத்திரையோடு எழுந்தருளியிருப்பதை அறிந்தவர்க்கு இக்காரணம் வியப்பைத் தரும். காணிக்காரரின் எதிர்ப்பு வேறு வகையானது. தம் முன்னோர் வழிபாட்டிடத்தின் ஒழுங்கை வெளியார் மாற்றுவதா என்பதே அவர்கள் கேள்வி. அதனை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. கேரள உயர் நீதிமன்றம் 2018இல் தடையை நீக்கிற்று. 2019 சனவரியில் தன்யா சனல் என்னும் பாதுகாப்புத்துறை அலுவலர் புதிய அனுமதியின்படி உச்சியை அடைந்த முதற் பெண்ணானார். சிகரத்தில் மரமேதும் இல்லாத பாறைத்திட்டில் அகத்தியரின் சிறு சிலை நிற்கின்றது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து கிழக்கே காரையாற்று அணையின் நீர்ப்பரப்பும் அதற்கப்பால் நெல்லை வயல்களும் தெரியும். மேற்கே நெய்யாற்று நீர்த்தேக்கம் தெரியும்.